பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் பார்சலை நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புத்தகங்களும் கேமரா சாமான்களும் பல வருடமாக இணையத்தில் விற்கிறேன். புதிதாக விற்க ஆரம்பிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆர்டர் வருகிறது, விலாசத்தைப் பார்த்தால் பக்கத்துத் தெரு. பேக்கிங் செய்து, தபால் ஆபீஸ் போய், வரிசையில் நின்று அனுப்புவதா, இல்லை கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதா? அதையொட்டி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

ஆர்டர் வந்த விலாசம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். இதற்குப் போய்த் தபாலில் அனுப்ப வேண்டுமா?

வாங்கியவரிடம் கேளுங்கள். சரி என்றால் நேரில் கொடுங்கள். வேண்டாம் என்றாலோ, பதிலே வராவிட்டாலோ தபாலில் அனுப்புங்கள். சொல்லாமல் கொள்ளாமல் மட்டும் போய் நிற்காதீர்கள்.

எதற்குக் கேட்க வேண்டும்? மூன்று நாளில் வரவேண்டியது இன்றைக்கே கைக்கு வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

நானும் அப்படித்தான் நினைத்தேன். விற்க ஆரம்பித்த புதிதில், மூன்று தொகுதிகள் கொண்ட ஒரு புத்தக செட்டுக்கு ஆர்டர் வந்தது. விலாசம் இரண்டு தெரு தள்ளி. சாயங்காலம் நடந்து போய் மணி அடித்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் அது அணைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அசையாமல் நிற்பது மட்டும் தெரிந்தது. இரண்டாவது முறை அடிக்க மனம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, "புத்தகம் கொடுக்க வந்திருந்தேன்" என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அது நீங்கள்தானா? நான் தனியாக இருக்கிறேன். தயவுசெய்து தபாலிலேயே அனுப்பிவிடுங்கள்." மறுநாள் காலை முதல் வேலையாக அனுப்பினேன். அந்த விளக்கு அணைந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தபால்காரரும்தானே மணி அடிக்கிறார் என்று கேட்பீர்கள். அவருக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்று தெரியாது. அவர் வருவார் என்பது வீட்டில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். பார்த்ததும் யாரென்று புரிந்துவிடும். கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். விற்பவரின் கதை வேறு. பெயர் தெரியும், வீடு தெரியும், வாங்கிய பொருள் தெரியும், கொடுத்த பணம் தெரியும். இத்தனையும் தெரிந்த ஒருவர், முகம் தெரியாத ஒருவர், எதிர்பாராத நேரத்தில் வாசலில் நிற்கிறார். உங்கள் மனது எவ்வளவு நல்லது என்பது கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பயம் மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு ரகசியமாக வாங்கிய பரிசாக இருக்கலாம். அவரே வந்து கதவைத் திறந்தால் எல்லாம் போச்சு. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவராக இருக்கலாம். உடம்பு முடியாமல் யாரையும் பார்க்க விருப்பமில்லாமல் இருக்கலாம். எந்தக் காரணமும் இல்லாமலும் இருக்கலாம். கடைக்குப் போய் ஆளைப் பார்த்து வாங்கும் வழி எல்லோருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒருவர் தபாலைத் தேர்ந்தெடுத்தார் என்றால், யாரையும் பார்க்காமல் வாங்குவதும் அவருடைய தேர்வில் ஒரு பங்காக இருக்கலாம். விலாசத்தை அவர் கொடுத்தது லேபிளில் எழுதுவதற்காக. அதை வைத்துக்கொண்டு வழி தேடி நடந்து வருவதற்கு அவரிடம் நாம் அனுமதி வாங்கவில்லை.

சரி, எப்படிக் கேட்பது? கேட்பதே சங்கடமாக இருக்குமே?

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அனுப்புவது இப்படி:

"வணக்கம். உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி. நாளை காலை தபாலில் சேர்த்துவிடுவேன். நானும் இதே ஊரில்தான் இருக்கிறேன். விரும்பினால் ஏதாவது ஒரு பொது இடத்தில் நேரில் வாங்கிக்கொள்ளலாம். தபால் செலவைத் திருப்பித் தந்துவிடுவேன். இன்று இரவுக்குள் பதில் வராவிட்டால் சொன்னபடி தபாலிலேயே வந்து சேரும்."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தபாலில் போவதுதான் முடிவான ஏற்பாடு, மற்றது விருப்பம். மௌனமாக இருந்தால் "வேண்டாம்" என்று அர்த்தம், அவர் எழுதி மறுக்க வேண்டிய சங்கடம் இல்லை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. "உங்கள் தெரு எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் அந்த வழியாகத்தான் போவேன்" என்று நட்பாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் வாக்கியம் அது.

ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அதுவும் தளத்தின் செய்திப் பெட்டி வழியாக. லேபிளுக்காகக் கிடைத்த போன் நம்பரை எடுத்துக் கூப்பிடாதீர்கள்.

இதைவிட நல்ல வழி, விற்பனை விவரத்திலேயே "நேரிலும் பெற்றுக்கொள்ளலாம்" என்று சேர்த்துவிடுவது. வாங்குவதற்கு முன்னாலேயே அவர் முடிவெடுத்துவிடுவார். யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

எல்லாத் தளங்களிலும் இதே வழக்கம்தானா?

இல்லை. 1995-ல் இரண்டு தளங்கள் பிறந்தன. கிரெய்க் நியூமார்க் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் ஒன்று, பியர் ஒமிட்யார் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கிய ஈபே மற்றொன்று. கிரெய்க்ஸ்லிஸ்ட் ஓர் ஊருக்குள் நடக்கும் வியாபாரத்துக்கானது. மோசடியைத் தவிர்க்க அது தரும் முதல் அறிவுரையே உள்ளூரில், நேருக்கு நேர் பார்த்து வாங்குங்கள் என்பதுதான். ஈபேயோ எங்கோ இருப்பவர் எங்கோ இருப்பவரிடம் வாங்குவதை வைத்து வளர்ந்தது. அங்கே நம்பிக்கைக்கு ஆதாரம் முகம் கிடையாது. பார்சலும், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும் டிராக்கிங் எண்ணும், வாங்கியவர்கள் எழுதும் மதிப்புரையும்தான். 2016-ல் வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் முதல் வகையைச் சேர்ந்ததாகத்தான் ஆரம்பித்தது.

முதல் வகைத் தளத்துக்கு வருபவர் ஆளைச் சந்திக்கும் எண்ணத்தோடு வருகிறார். அங்கே தபாலில் அனுப்புகிறேன் என்றால்தான் சந்தேகப்படுவார். இரண்டாவது வகையில் இது அப்படியே தலைகீழ். ஒரே ஆள், ஒரே பொருள்தான். எந்தத் தளத்தில் வாங்கினார் என்பதை வைத்தே அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று பாதி புரிந்துவிடும்.

டிராக்கிங் எண் இல்லாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

இதுதான் விற்பவரின் தலையில் விழும் பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"பொருள் வந்து சேரவில்லை" என்று வாங்கியவர் புகார் செய்தால், தளமோ பணம் செலுத்தும் நிறுவனமோ முதலில் பார்ப்பது டிராக்கிங் பதிவைத்தான். அந்த விலாசத்தில் சேர்ந்தது என்று கூரியரோ தபால் துறையோ பதிவு செய்திருந்தால் பெரும்பாலும் விற்பவர் பக்கம் தீர்ப்பு வரும். கையில் கொடுத்ததற்கு அப்படி ஒரு மூன்றாம் ஆளின் சாட்சி கிடையாது. நீங்கள் கொடுத்தேன் என்பீர்கள், அவர் வரவில்லை என்பார், பணம் அவரிடம் போய்விடும்.

இணையத்தில் பணம் செலுத்த உதவும் பேபால் நிறுவனத்தின் விற்பனையாளர் பாதுகாப்பு, பொருள் அனுப்பியதற்கோ சேர்ந்ததற்கோ சான்று கேட்கிறது. 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள விற்பனை என்றால், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துப் பதிவும் வேண்டும். அமெரிக்க ஈபேயிலும் கையெழுத்துக்கு அதே 750 டாலர்தான் எல்லை. அமேசானில் சொந்தமாகப் பார்சல் அனுப்பும் விற்பனையாளர்கள், அனுப்பும் பார்சல்களில் குறைந்தது 95 சதவீதத்துக்குச் சரியான டிராக்கிங் எண் கொடுத்தாக வேண்டும். மாதத்துக்கு இருபது பார்சல் அனுப்பும் சிறு வியாபாரி இரண்டை மட்டும் கையில் கொடுத்தாலே அது 90-க்கு இறங்கிவிடும்.

புகார் உடனே வரும் என்றும் நினைக்காதீர்கள். ஈபேயில், பொருள் வந்து சேர வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 30 நாள் வரை புகார் செய்யலாம். பேபாலில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாள். கிரெடிட் கார்டு மூலம் வாங்கியவர் நேராக வங்கியிடமே போகலாம். விசா கார்டுகளில் "பொருள் கிடைக்கவில்லை" என்ற புகாருக்கென்றே 13.1 என்று ஓர் எண் இருக்கிறது. பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கைகுலுக்கிக் கொடுத்த பொருளை இன்றைக்கு எப்படி நிரூபிப்பீர்கள்?

ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைவு, அது எனக்கும் தெரியும். வீட்டில் இன்னொருவர் கார்டு பட்டியலைப் பார்த்து "இது என்ன செலவு?" என்று புகார் செய்துவிடுவதும் நடக்கும். அதில் கெட்ட எண்ணமே இல்லை. ஆனாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கொடுக்கும்போது போட்டோ எடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் தளத்தின் கையில் இருக்கிறது. நாமே எழுதி நாமே வாங்கிய கையெழுத்துக்கு, கூரியரின் பதிவுக்கு இருக்கும் மதிப்பு கிடைக்காது. வாங்கியவரின் முகத்தைப் போட்டோ எடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத காரியம். புத்தகம் வாங்கியவரைக் குற்றவாளி மாதிரி நிறுத்திப் படம் பிடிப்பதா?

இதைவிட வலுவானது, வாங்கியவரே தளத்தின் செய்திப் பெட்டியில் "கிடைத்துவிட்டது, பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது" என்று எழுதுவது. பொருளைக் கையில் கொடுத்ததும், "சிரமம் பாராமல் ஒரு வரி எழுதிவிடுங்கள், எனக்கு அதுதான் ரசீது" என்று சொல்லுங்கள். நான் கேட்டு இதுவரை யாரும் மறுத்ததில்லை. பின்னால் புகார் வந்தாலும் அந்த வரி தளத்தின் கண்முன்னாலேயே இருக்கும்.

நேரில் வாங்குவதற்குத் தளத்திலேயே ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா?

சில தளங்களில் இருக்கிறது. ஈபேயில் நேரில் பெற்றுக்கொள்ளும் முறையில் பொருளை விற்று, பணமும் ஈபே வழியாகவே வந்திருந்தால், வாங்குபவரின் போனில் ஒரு கியூஆர் கோடும் ஆறு இலக்க எண்ணும் வரும். பொருளைக் கொடுக்கும்போது அதை ஸ்கேன் செய்தாலோ எண்ணை உள்ளிட்டாலோ, கொடுத்தாகிவிட்டது என்று பதிவாகிவிடும். டிராக்கிங் எண்ணின் வேலையை அது செய்துவிடுகிறது. இப்படி ஒன்று இருக்கும் தளத்தில் நேரில் கொடுப்பதாக இருந்தால், அதைப் பயன்படுத்தாமல் கொடுக்காதீர்கள். பொருளைப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகுதான் வாங்குபவர் அந்த எண்ணைக் காட்ட வேண்டும். சந்திப்பதற்கு முந்தின நாளே "அந்த எண்ணை அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு விற்பவர் கேட்டால், வாங்குபவர் கொடுக்கக்கூடாது.

தபால் லேபிள் வாங்கி, டிராக்கிங் எண்ணைத் தளத்தில் போட்டுவிட்டு, பொருளை மட்டும் கையில் கொடுத்தால்?

செய்யாதீர்கள். அந்த எண் எங்கேயும் ஸ்கேன் ஆகாது. லேபிள் உருவாக்கப்பட்டது என்பதோடு பதிவு நின்றுவிடும். வாங்கியவர் புகார் செய்தால், அனுப்பாததை அனுப்பினேன் என்று சொன்ன ஆளாக நீங்கள் நிற்பீர்கள்.

தபால் செலவை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். கையில் கொடுத்தால் அதைத் திருப்பித் தர வேண்டுமா?

ஆமாம், முழுசாக. நடந்து போன நேரம், பெட்ரோல் என்று கணக்குப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளாத எந்தத் தொகையையும் பிடிக்க நமக்கு உரிமை இல்லை. பேக்கிங்குக்கு உண்மையாகவே செலவாகியிருந்தால் அதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். தளத்தின் ரீஃபண்ட் வசதி வழியாகவே திருப்பிக் கொடுங்கள். கணக்கு சுத்தமாக இருக்கும்.

"நேரில்தானே பார்க்கப் போகிறோம், ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள், பணமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார் வாங்குபவர். செய்யலாமா?

தளத்தின் கமிஷன் மிச்சமாகும் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தளத்தில் சந்தித்துக்கொண்டு வியாபாரத்தை வெளியே முடிப்பதை ஈபே போன்ற தளங்கள் தடை செய்திருக்கின்றன. கணக்கையே முடக்கலாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரத்து செய்த நொடியில் இரண்டு பேருக்கும் இருந்த பாதுகாப்பு போய்விடுகிறது. பொருளில் குறை இருந்தால் அவர் புகார் செய்ய முடியாது. ரத்தான பிறகு அவர் வரவே இல்லையென்றால் உங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினருக்கான முறையில் பணம் அனுப்பச் சொல்வதும் இதே மாதிரிதான். அந்த முறையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

எங்கே சந்திப்பது?

பகல் வெளிச்சத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில். நூலக வாசல், ரயில் நிலையம், வங்கி முன்புறம் எல்லாம் நல்லவை. சில நாடுகளில் இணையத்தில் பேசி முடித்த பொருட்களைக் கைமாற்றிக்கொள்வதற்கென்றே காவல் நிலைய வளாகங்களில் கேமரா வைத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

இடத்தையும் நேரத்தையும் வாங்குபவர் தேர்ந்தெடுக்கட்டும். கூட யாரையாவது அழைத்து வரலாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். நீங்களும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பயம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். விலை உயர்ந்த லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கப் போகும்போது எனக்கும் நெஞ்சு படபடக்கும்.

ஆளைத் தொந்தரவு செய்யாமல் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டால்?

மணி அடிப்பதைவிட இது மோசம் என்பேன். தபால் முத்திரை இல்லாத, யார் கொண்டுவந்தார்கள் என்றே தெரியாத ஒரு பெட்டி வாசலில் கிடந்தால் என்ன நினைப்பார்கள்? யாராவது எடுத்துக்கொண்டு போனால் நஷ்டம் உங்களுடையது. அவரே வாசலில் வைக்கச் சொல்லி எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். வைத்த உடனே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெரிய சாமான்கள், உடையும் சாமான்கள்?

இங்கேதான் நேரில் கொடுப்பதற்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. சர்வதேசக் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக வைத்துக்கொள்வார்கள். உண்மையான எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். ஒரு கண்ணாடியை 100 × 80 × 15 அளவுப் பெட்டியில் வைத்தால் கணக்கு 24 கிலோ வருகிறது, கண்ணாடி ஆறு கிலோவாக இருந்தாலும். உள்ளூர்ப் பார்சலுக்கும் பல நிறுவனங்கள் இதே மாதிரி ஒரு கணக்கை வைத்திருக்கின்றன. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்காக அந்தப் பெட்டி ஏதோ ஒரு பிரிப்பு மையம் வரை போய், நாலு இடத்தில் ஏறி இறங்கி, திரும்ப இங்கேயே வர வேண்டும். கீறல் இல்லாமல் வந்தால் அதிர்ஷ்டம்.

நாற்காலி, தையல் மெஷின், மீன் தொட்டி, பெரிய சட்டம் போட்ட படம் இவற்றுக்கெல்லாம் தபால் முறையைக் கொடுக்காமல், முதலிலேயே "நேரில் மட்டும்" என்று போட்டுவிடுவதுதான் என் வழக்கம். தனி பேட்டரிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். சாதனத்தோடு இல்லாமல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேச விதிகளே தடுத்துவிட்டன. அதனால் பழைய கேமராவுக்கான தனி பேட்டரியைப் பார்சலில் அனுப்பினால் எங்காவது நின்றுவிட வாய்ப்பு அதிகம். கையில் கொடுத்தால் அந்தத் தலைவலி இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். பார்சலுக்குக் காப்பீடு எடுக்கலாம். உங்கள் கையிலிருந்து கண்ணாடி நழுவினால் அதற்குப் பொறுப்பு நீங்கள் மட்டும்தான்.

நேரில் பார்த்து வாங்கிவிட்டால் ரிட்டர்ன் கேட்க முடியாதுதானே?

கேட்கலாம். இந்தத் தப்பான எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் உரிமைகள் உத்தரவு (2011/83) தூரத்திலிருந்து செய்துகொள்ளும் விற்பனைக்கு 14 நாள் அவகாசம் கொடுக்கிறது. அந்த 14 நாளும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும். வியாபாரம் எங்கே பேசி முடிந்தது என்பதுதான் அங்கே கேள்வி. இணையத்திலேயே வாங்கிப் பணமும் கட்டிவிட்ட பிறகு, பெட்டியை யார் கையில் கொடுத்தார்கள் என்பதால் அந்த உரிமை போய்விடாது. இது தொழிலாக விற்பவர்களுக்கான சட்டம். வீட்டில் கிடந்த பழைய சாமானை எப்போதாவது விற்பவருக்குப் பொருந்தாது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருந்தாலும், தளத்தில் ரிட்டர்ன் உண்டு என்று நீங்களே எழுதியிருந்தால் நேரில் கொடுத்த பொருளுக்கும் அது செல்லும்.

நேரில் போனதும் விலையைக் குறைக்கச் சொல்கிறார்.

பணம் ஏற்கெனவே தளத்தில் கட்டியாகிவிட்டது என்றால் பேரம் முடிந்துவிட்டது. பொருளில் நீங்கள் குறிப்பிடாத குறை ஏதாவது கண்டுபிடித்திருந்தால் மட்டும் பேசுங்கள். அப்போது அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் கூட வேலை செய்பவர். ஆபீஸில் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம். தெரிந்தவர் என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர் என்ன வாங்கினார் என்பது அவருடைய சொந்த விஷயம். நான் ஒருமுறை ஒரு மருத்துவப் புத்தகம் விற்றேன். குறிப்பிட்ட ஒரு நோயோடு வாழ்வதைப் பற்றியது. வாங்கியவர் எனக்கு முகப்பழக்கம் உள்ளவர். விற்பவர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சாதாரணமாகத் தபாலில் அனுப்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துப் பேசியிருக்கிறோம். அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை, இனியும் பேசமாட்டேன். அவரே சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

நான் வாங்குபவர். "பக்கத்தில்தான் இருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன்" என்கிறார் விற்பவர். எனக்கு விருப்பமில்லை. மறுத்தால் தப்பா?

தப்பே இல்லை. "நன்றி, தபாலிலேயே அனுப்பிவிடுங்கள்" என்று எழுதினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. தபால் செலவு கட்டி வாங்கியிருக்கிறீர்கள்; அவர் அனுப்பித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் வற்புறுத்தினாலோ, சொல்லாமல் வந்து நின்றாலோ கதவைத் திறக்க வேண்டாம். தளத்துக்குப் புகார் செய்யுங்கள். ஒருவர் ஆசையாகக் கேட்கிறார், மறுத்தால் மனசு கஷ்டப்படும் என்று நினைத்து ஒப்புக்கொள்கிறவர்கள் அதிகம். எங்கள் மனசு தாங்கிக்கொள்ளும். நீங்கள் உங்கள் வீட்டில் நிம்மதியாக இருப்பது அதைவிடப் பெரியது.

ஒரு பெட்டிக்காக இத்தனை வண்டி ஓடுவது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லையா?

நடந்தோ சைக்கிளிலோ போனால் நீங்கள் சொல்வது சரி. ஒரு பெட்டிக்காகக் காரை எடுத்தால் கணக்கு மாறிவிடும். தபால் வண்டி எப்படியும் அந்தத் தெருவுக்கு நிறையப் பார்சல்களோடு வரத்தான் போகிறது. உங்கள் கார் அந்த ஒன்றுக்காக மட்டும் கிளம்புகிறது.

வாங்கியவர் வயதானவர், தபால் ஆபீஸ் போய்ப் பெட்டியைத் தூக்கி வர முடியாது என்கிறார். வீட்டுக்கே கொண்டுவரச் சொல்கிறார்.

அவரே கேட்கும்போது தயங்காமல் போய்வாருங்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுதுகள் இப்படிப் போனவைதான். என்று, எத்தனை மணிக்கு வருவீர்கள், யார் வருவீர்கள் என்று முதலில் எழுதுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். வாசலிலேயே நில்லுங்கள், அவர் அழைத்தால் உள்ளே போகலாம். கனமான பெட்டியை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துக் கொடுங்கள். பிரித்துப் பார்க்கும் வரை பொறுத்திருங்கள்.

கொடுத்து முடித்த பிறகு என்னென்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே தளத்தில் ஆர்டரைச் "சேர்ந்தது" என்று குறியுங்கள். தபால் செலவு திரும்பப் போனதா என்று பாருங்கள். அவர் எழுதிய அந்த ஒரு வரியைப் படம் எடுத்து, ஆறு மாதத்துக்காவது வைத்திருங்கள். மதிப்புரை போடச் சொல்லி நேரில் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

அப்புறம் அந்த விலாசம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நான் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். புதிய புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்லவோ, வாங்கிய கேமரா எப்படி இருக்கிறது என்று கேட்கவோ மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டேன். கணக்குக்குத் தேவையான பதிவு தளத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் போனின் மேப்பைத் திறந்து, அன்றைக்குத் தேடிய அந்த வீட்டை அழித்துவிடுவேன்.